தனி ஆளைத்தான் தூக்குவார்கள்

தெருவில் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெட்டி செய்கிறவர் இல்லை, விற்கிறவரும் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் போகிறவர். எங்கோ ஒரு நாட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஒன்று மூச்சு விடாமல் நின்றுவிடும். அது நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் முதலாளிக்கு வயிறு எரியும். வேண்டிய உதிரிப்பாகத்தைச் சரக்கோடு சரக்காக அனுப்பினால் அது எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது. அதனால் ஒரு மனிதனின் கையில் கொடுத்து, கண்ணை விட்டு அகலாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வா என்று அனுப்புவார்கள். அந்த மனிதர் இவர். போன் அடித்தால் உடனே கிளம்பிவிட வேண்டும். தட்டில் கை வைத்திருந்தாலும் சரி, மகளின் பள்ளிக்கூட நாடகத்தில் திரை விலகப்போகிற நேரமானாலும் சரி.

அவருடைய மனைவிக்குத் தையலக்கா என்று பெயர். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு, இடுப்பைப் பிடிப்பது, கால் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஆல்டரேஷன் வேலை பார்த்தாள். தெருவில் யாருக்கு உடம்பு ஏறுகிறது, யாருக்கு இறங்குகிறது என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒருவரிடமும் மூச்சு விடமாட்டாள். இந்தக் கதை அவளுடையது.

பெட்டிக்காரருக்கு ஒரு ராசி உண்டு என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. கம்பெனி அவருக்கு எடுத்துக் கொடுப்பது பின்னால் இருக்கிற மலிவான சீட்டுதான். ஆனால் அடிக்கடி அவரை முன்னால் கொண்டுபோய்ச் சொகுசு வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். கேட்டவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே விளக்கம் சொல்வார்.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பின்னாடி இருக்கிற சீட்டைவிடக் கூடுதலா டிக்கெட் வித்துடுவாங்க. நாலு பேர் வரமாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. எல்லாரும் வந்து நின்னுட்டா என்ன பண்ணுவாங்க? கொஞ்சப் பேரை முன்னாடி தூக்கித்தான் ஆகணும். குடும்பத்தைத் தூக்க முடியாது, பிள்ளை அழும். புருஷன் பொண்டாட்டியையும் தூக்கமாட்டாங்க, ஒருத்தரை மட்டும் பிரிச்சா சண்டைக்கு வருவாங்கல்ல? நாங்க தனித்தனியா உட்கார்ந்துக்கிறோம்னு அவங்களே வந்து சொன்னாத்தான் உண்டு. எவன் சொல்லுவான்? அதனால தனி ஆளைத்தான் தூக்குவாங்க. சட்டை தேய்ச்சிருக்கணும், கால்ல ஷூ இருக்கணும், அவ்வளவுதான்."

அந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது தையலக்காதான். காலர் மடிப்புக் கலையாமல் தேய்ப்பாள். விமானம் கிளம்புமுன் அவர் போன் பண்ணுவார். "மேல தூக்கிட்டாங்க" என்பார். சின்னப் பையன் பரீட்சையில் பாஸான குரல். "சரி, பார்த்துப் போங்க" என்பாள் இவள். வேறென்ன சொல்வது? சில சமயம் பெட்டி பெரிதாக இருந்தால் கம்பெனி அதற்கும் ஒரு சீட்டு எடுத்துவிடும். அவருக்குப் பக்கத்தில் பெட்டியை உட்கார வைத்து பெல்ட் போட்டுவிடுவார்கள், அது பாட்டுக்கு ஒய்யாரமாக வரும். முதல் தடவை இதைக் கேட்டபோது தையலக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் யோசித்துப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கணக்குப் போட்டால், அவர் பக்கத்தில் இவளைவிட அதிக நேரம் உட்கார்ந்தது இரும்புச் சாமான்தான். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதைக்குச் சிரிக்கவில்லை.

மகள் இருந்தவரை வீட்டில் சத்தம் இருந்தது. அவள் வேலை கிடைத்து வெளிநாடு போய், அங்கேயே கல்யாணமும் முடித்துக்கொண்டாள். அப்புறம் தையலக்காவுக்கு வீட்டில் பேச்சுத்துணை என்பதே இல்லாமல் போயிற்று. பக்கத்து அறையில் ரேடியோவை ஓடவிட்டுவிட்டு முன்னறையில் தைப்பாள். பாட்டு கேட்க அல்ல, உள்ளே யாரோ இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. ஒரு நாள் முழுவதும் தன் வாயிலிருந்து வந்த பேச்சை எண்ணிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க." அவ்வளவுதான். அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அவர் வீட்டில் இருக்கிற நாட்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊர் நேரம் ஒத்துவராமல் பகலெல்லாம் தூங்குவார். எழுந்து உட்கார்ந்து டீயைக் கையில் வாங்கும்போது போன் அடிக்கும். தையலக்கா ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாலே போன் அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

"நீ வந்துடும்மா" என்று மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. அப்பா எப்படியும் ஊர் ஊராத்தானே சுத்துறார். நீ ஏன் அங்க ஒத்தையில கிடக்கணும்?"

தையலக்கா யோசித்து, யோசித்து, கடைசியில் சரி என்றாள். மகளின் புது வீட்டைப் பார்க்க ஒரு மாதம் போய்வரலாம் என்று கணவரிடம் சொன்னாள். அவரும் பேருக்குக்கூட முகம் சுளிக்காமல் லீவு போட்டார். ஆனால் போனால் திரும்புவதாக அவள் இல்லை. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. விமானத்தில் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். பத்து மணி நேரம். அங்கே போன் அடிக்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் முடியாது. பக்கத்து சீட்டில் மாட்டிக்கொண்டு கேட்டுத்தான் ஆகவேண்டும். 'இந்த வேலையை விட்டுட்டா உங்களோடயே திரும்பி வர்றேன். இல்லன்னா நீங்க மட்டும் போங்க.' இறங்கிவிட்டால் மகளும் மருமகனும் வந்து நிற்பார்கள், அப்புறம் பேச்சு அவர்களுடையதாகிவிடும். அதனால் இறங்குமுன் சொல்லிவிட வேண்டும். மெஷின் ஓடும்போதெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டியைக் கட்டியது அவர்தான். வேறு யார் கட்டினாலும் அவருக்குப் பொறுக்காது. அவள் எடுத்துக் கட்டில்மேல் வைக்க வைக்க, அவர் ஒவ்வொன்றாக வாங்கி இடுக்குப் பார்த்து அடுக்கினார். நடுவில் ஓரிரு தடவை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூடி, எடை பார்த்து, "சரியா இருக்கு" என்றார்.

விமான நிலையத்தில் ஏறுவதற்காகக் காத்திருந்தபோது அவர் எழுந்தார். "தண்ணி வாங்கிட்டு வர்றேன்" என்று போனார். போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் தையலக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து கவுன்டருக்குப் போனாள், அவரும் கூடவே வந்தார். ஏதோ தப்பு, திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்தாள். கவுன்டரில் இருந்த பெண் புதுச் சீட்டு ஒன்றை நீட்டிச் சிரித்தாள்.

"பாரு, உன்னைத் தூக்கிட்டாங்க" என்றார் அவர். முகம் மலர்ந்திருந்தது.

"நீங்க?"

"ஒரு சீட்டுதானாம். நீ போ. வாழ்க்கையில ஒரு தடவையாவது நீயும் உட்கார்ந்து பாரு."

"வேண்டாங்க. நான் உங்ககூடவே..."

"யாராவது இதை வேண்டாம்பாங்களா? பின்னாடி ஆள் நிக்கிறாங்க பாரு. பையை என்கிட்ட குடு, நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால், இவ்வளவு சந்தோஷமாக நிற்கிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது? பையைக் கொடுத்தாள். தனியாக உள்ளே போனாள்.

சொகுசு வகுப்பு என்பது அப்படி ஒன்றும் அதிசயம் இல்லை, இடம்தான் அதிகம். காலை நீட்டினால் எதிலும் இடிக்கவில்லை. கைப்பிடியில் வரிசையாகப் பொத்தான்கள். எது எதற்கு என்று தெரியாமல் ஒன்றை அமுக்கினாள். நாற்காலி அவளை மெல்லச் சாய்த்து, பல் டாக்டரிடம் போன மாதிரி மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டது. பணிப்பெண் ஓடிவந்து நிமிர்த்திவிட்டாள். "எதுவானாலும் கூப்பிடுங்க மேடம்" என்றாள். பெரிய தட்டில் துணி விரித்துச் சாப்பாடு வந்தது. இவ்வளவு மரியாதையாகத் தையலக்காவுக்கு இதுவரை யாரும் சாப்பாடு போட்டதில்லை. அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். இது நல்லாயிருக்கு என்று சொல்லப் பக்கம் திரும்பினாள்.

பக்கத்து சீட்டு காலி. மடித்த போர்வை மடித்தபடி இருந்தது. எட்டிப் பார்த்தாள். பின்னால் அத்தனை கூட்டம், இங்கே பாதிக்கு மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. காலி சீட்டுக்கும் ஒரு குட்டிப் பை வைத்திருந்தார்கள், சாக்ஸும் கண்ணை மூடுகிற துணியும் பல் துலக்குகிற பிரஷும் உள்ளே. இவளுக்கும் ஒன்று. இந்தப் பைகள் வீட்டு அலமாரியில் ஒரு இழுப்பறை நிறையக் கிடக்கின்றன. எப்போதும் இரண்டு இரண்டாகத்தான் கொண்டுவருவார். கேட்டு வாங்கியிருப்பார் என்று நினைத்திருந்தாள். காலி சீட்டினுடையதைத்தான் எடுத்து வந்திருக்கிறார் என்று இப்போது தெரிந்தது. அப்படியானால் அத்தனை பயணத்திலும் அவர் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. அவளுக்கு அவர்மேல் பாவமாக வந்தது. தன்மேலும் வந்தது. யாருக்காக முதலில் வருந்துவது என்று தெரியவில்லை.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். "ஏம்மா, பின்னாடி எங்க வீட்டுக்காரர் இருக்கார். இந்த சீட்டு சும்மாத்தானே வருது, அவர் வந்து உட்காரலாமா?"

"முடியாது மேடம். பின்னாடி எத்தனை பேருக்கு இடம் பத்தலையோ, அத்தனை பேரைத்தான் முன்னாடி விடுவோம். அதுக்கு மேல ஒருத்தர்கூடக் கூடாது."

"காலியா போனாலும்?"

"காலியா போனாலும்தான் மேடம்." அந்தப் பெண் கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

தையலக்கா தம்ளரை வாயில் வைத்தாள். அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர், புருஷன் பொண்டாட்டி. அப்படி இருக்கிறவர்களைத் தூக்கமாட்டார்கள் என்று வாய் ஓயாமல் சொன்னவர் அவர்தானே?

"ஒண்ணு கேக்கிறேன். ரெண்டு பேரா வந்தா ஒருத்தரை மட்டும் எப்படி எடுத்தாங்க?"

"அப்படி நாங்களா பிரிக்கமாட்டோம் மேடம். யாராவது வந்து, பிரிஞ்சு உட்கார்ந்துக்கிறோம்னு சொல்லியிருப்பாங்க. உங்க வீட்டுக்காரருக்கு உங்கமேல அவ்வளவு ஆசை."

ஆசையாம். தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் ஏதோ பேசப்போகிறாள் என்று மோப்பம் பிடித்திருக்கிறார். வழக்கமாகக் காப்பாற்றுகிற போன் இன்றைக்கு அடிக்காது. அதனால் தானே போய் அடிக்க வைத்துவிட்டு வந்திருக்கிறார். பட்டுத்துணி சுற்றி அனுப்பிய மாதிரி அனுப்பிவிட்டு, எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்! பெல்ட்டைக் கழற்றி எழுந்தாள். தட்டை அப்படியே விட்டுவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

வெளியே நல்ல வெயில். ஆனால் எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு உள்ளே இருட்டாக்கி வைத்திருந்தார்கள். கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போனாள். அவளுக்கென்று இருந்த ஜன்னல் சீட்டில் ஒரு பெரிய உடம்புக்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கினார். நடைபாதை ஓரத்தில் அவர். கண்களை மூடியிருந்தார். அவளுடைய பை காலடியில் இருந்தது. அதன் வாரைக் கணுக்காலில் சுற்றி வைத்திருந்தார்.

"நடிக்காதீங்க" என்றாள் அவள். "பிளேன்ல உங்களுக்குத் தூக்கம் வராதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கவுன்டர்ல போய் நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"எதுக்கு?"

அவர் பக்கத்தில் தூங்குகிறவரைப் பார்த்தார். முன் சீட்டின் முதுகைப் பார்த்தார். ஓட இடம் இல்லை. கடைசியில் அவளையே பார்த்தார்.

"நீ திரும்பி வரப்போறதில்ல" என்றார், சாதாரணமாக.

அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த இரண்டாவது வாக்கியத்தின் அர்த்தம் அதுதான். அவர் முந்திக்கொண்டார்.

"யாரு சொன்னா? பாப்பாவா?"

"யாரும் சொல்லல. பெட்டியை நான்தானே கட்டினேன். ஒரு மாசம் போறவ நல்ல கத்தரிக்கோலை எடுத்து வைப்பாளா? குளிருக்குப் போடறது அத்தனையும் வைப்பாளா? சுவத்துல மாட்டியிருந்த பாப்பா போட்டோவைக் கழட்டித் துணிக்கு நடுவுல வைப்பாளா? பெட்டி கட்டித்தானே நான் பொழைக்கிறேன். போயிட்டு வர்றவங்க பெட்டி எப்படி இருக்கும், போறவங்க பெட்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலையே நீங்க."

"கேட்டா நீ சொல்லிடுவியே." அவர் குரல் தணிந்தது. "இங்க வச்சு நீ சொல்லப்போறேன்னு தோணுச்சு. நீ சொல்லிட்டா, அப்புறம் பத்து மணி நேரம் உன் பக்கத்துல நான் எப்படி உட்கார்ந்து வருவேன்? எனக்கு அந்தத் தைரியம் இல்லம்மா. சரி, அதுக்கு முன்னாடியாவது நீ நல்ல சீட்டுல உட்கார்ந்துட்டுப் போகட்டும்னு..."

கோபத்தோடு வந்த தையலக்கா அந்தக் கோபத்தைத் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. குனிந்து அவருடைய சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் இருந்த இன்னொரு வாக்கியத்தையாவது சொல்லிவிட வேண்டும்.

"இந்த வேலையை விட்டுடுங்க. விட்டுட்டீங்கன்னா நான் உங்ககூடவே திரும்பி வந்துடறேன். மாடி ரூமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவர் உடனே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அதை எடுத்து யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அவளுக்குத் தெரிந்தது.

"விட்டுடலாம். விட்டுட்டு?"

"விட்டுட்டு என்ன? வீட்டுல இருங்க."

"இருந்து? நீ தைப்ப. நான் என்ன பண்ணுவேன்? நாம ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பண்ணுவோம்?" இடக்காகக் கேட்கவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

இதற்குத் தன்னிடம் பதில் இருக்கும் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அவர் வீட்டில் இருக்க வேண்டும், அதுவரைக்கும்தான் அவள் யோசித்திருந்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், இவள் முன்னறையில் இருக்கிறாள், மத்தியானம் ஆகிறது. அப்புறம்? அப்புறம் என்ன பேசுவார்கள்? ரேடியோவை நிறுத்தலாம், அவ்வளவுதான் தோன்றியது.

"தெரியலங்க" என்றாள். பிறகு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உட்கார்ந்து சண்டையாவது போடலாம்" என்றாள்.

அவர் லேசாகச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் ஒருமுறை புரண்டு படுத்தார்.

"அதுக்கும் கூட இருந்து பழகியிருக்கணுமே" என்றார் அவர். "நமக்குச் சண்டை போடக்கூடத் தெரியாதே."

விமானம் குலுங்கத் தொடங்கியது. தலைக்கு மேல் பெல்ட் விளக்கு எரிந்தது. ஒரு பணியாளர் வேகமாக வந்து, எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போங்கள் என்றார். "உங்க சீட்டு எது மேடம்?"

"முன்னாடி" என்றாள் தையலக்கா.

அவள் நகரவில்லை. அவர் அவளுடைய கையைக் கைப்பிடியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். எடுத்த கையை உடனே விடவில்லை. "போ, விழுந்துடப் போற" என்றார். அவள் சீட்டு சீட்டாகப் பிடித்துக்கொண்டு, குலுக்கலில் தள்ளாடியபடி முன்னால் நடந்தாள்.